நாலு கல்

அனுமனாசனம் எதுவரை வந்திருக்கிறது என்று யாராவது கேட்டால் "நாலு கல்" என்பேன். ஒரு காலை முன்னால் நீட்டி, இன்னொன்றைப் பின்னால் நீட்டி இறங்கும்போது தொடைக்கும் தரைக்கும் நடுவில் மிச்சமிருக்கிற இடைவெளியில் நாலு ஆத்தங்குடிக் கல்லை, எங்கள் பக்கத்துப் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லை, அடுக்கி, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காருகிறேன். ஒரு கல் முக்கால் அங்குலம், கொஞ்சம் கூடக் குறைய. ஆக மூன்று அங்குலம். இந்த மூன்று அங்குலத்தைக் குறைக்கிறேன் பேர்வழி என்று இறங்கி எட்டு மாதம் நிம்மதியாக உட்கார முடியாமல் போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சொல்லாமல் அது புரியாது.

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெரிய வீட்டில் எங்களுக்கு ஒரு பங்கு. மற்ற பங்காளிகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று இருக்கிறார்கள், முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்புக்கு வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் நானும் அப்பத்தாவும்தான். பகலில் ஆத்தங்குடிக் கல் போடுகிற ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன், அதனால் மூலை உடைந்தது, கலர் கலங்கியது என்று கழித்துப் போடுகிற கல் எனக்கு வேண்டிய மட்டும் கிடைக்கும். கடைகளில் விற்கிற யோகா பிளாக்குக்கு நான் காசு செலவழித்ததே இல்லை.

காரைக்குடியில் ஒரு வகுப்பில் நாலு வருஷம் படித்தேன். அடிப்படை எல்லாம் அங்கே வந்தது. சொல்லிக்கொடுத்த அம்மா பிள்ளையோடு வெளிநாடு போய்விட்டார், அப்புறம் நான் தனியாள். தனியாகப் பயிற்சி செய்வதில் ஒரு சுகம் இருக்கிறது. யாரும் பார்க்க மாட்டார்கள், நம் இஷ்டத்துக்கு ஒரே ஆசனத்தில் அரைமணி நேரம் கிடக்கலாம். ஆனால் "போதும், வெளியே வா" என்று சொல்வதற்கும் ஆள் கிடையாது, அது எவ்வளவு பெரிய குறை என்று அப்போது உறைக்கவில்லை.

முதலில் தரை. செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்குத் தெரியும், பழைய ஆத்தங்குடித் தரை வருஷக்கணக்கில் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். போதாக்குறைக்கு விசேஷம் என்றால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஒரு படைப்புக்கு முந்தின நாள் அப்படித் துடைத்து வைத்திருந்ததை மறந்து, மறுநாள் விடியற்காலை இருட்டில் வளவில், நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில், பாயை விரித்து, கையையும் காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குகிற அதோமுக சுவானாசனத்தில் நின்றேன். கை முன்னால் போகிறது, பாயும் சேர்ந்து போகிறது, நானும் போகிறேன். தாடை தரையில் பட்டது. பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜமுக்காளத்தில் செய்வது இன்னும் மோசம், வழவழப்பான கல்லில் அது பனிச்சறுக்குதான். ரப்பர் பாய் வாங்குங்கள், புதுசாக வாங்கியதை ஒருமுறை கழுவிக் காயவைத்த பிறகே கையை நம்பி வையுங்கள், விரிப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் தரையை ஒரு துடை. இதெல்லாம் சொல்ல வேண்டிய விஷயமா என்று தோன்றும். தோன்றட்டும். பெரிய ஆசனத்தில் விழுந்தவர்களைவிட பாய் நகர்ந்து விழுந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

சுவரும் அப்படித்தான். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் சில்லென்று பீங்கான் மாதிரி இருக்கும். கைகளில் நிற்கும்போது குதிகால் அதில் சுகமாக வழுக்கி மேலே ஏறும், அது நல்லது. ஆனால் குதிகாலை அழுத்தி நிற்கலாம் என்று பார்த்தால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் நான் சிரசாசனத்துக்கு மூலையைத் தேர்ந்தெடுத்தேன், இரண்டு சுவர் சேருகிற இடம், எந்தப் பக்கமும் சாய முடியாது. தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். ஒருமுறை கணுக்கால் அதில் இடித்தது, பர்மாத் தேக்கு எவ்வளவு உறுதியானது என்று எனக்கு யாரும் இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

தலைகீழாக நிற்பதில் எனக்குப் பயம் விழுவதைப் பற்றித்தான் இருந்தது. பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்வேன், விறைத்தால் தடுமாறும், தடுமாறினால் இன்னும் பயம். ஒருநாள் இதை மாற்றிப் பார்ப்போம் என்று இரண்டாம்கட்டிலிருந்து பழைய இலவம்பஞ்சு மெத்தை இரண்டை இழுத்து வந்து வளவில் போட்டு, விழுவதையே பயிற்சியாகச் செய்தேன். சிரசாசனத்திலிருந்து பின்பக்கம் சாய்ந்தால் பின்னிய விரலைப் பிரித்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகைப் பந்தாக உருட்டிவிட வேண்டும், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு மல்லாந்து விழக்கூடாது. கைகளில் நிற்கும்போது நிலை தவறினால் ஒரு கையைத் திருப்பி ஒரு அடி முன்னால் எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி, ஒவ்வொரு காலாகப் பக்கவாட்டில் இறங்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் சக்கரம் அடிப்பார்களே அதுமாதிரி. ஒருவாரம் இதை மட்டுமே செய்தேன், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை.

அப்பத்தா முகப்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி ஆத்தா, நிக்கிறதுக்குத்தானே கத்துக்கிட்டே, இப்ப விழுகிறதுக்கும் படிக்கிறியா?" என்றார்.

"ஆமா அப்பத்தா, விழத் தெரிஞ்சாத்தான் நிக்க முடியுது."

"பஞ்சு மெத்தை உங்க ஐயா வாங்குனது. கிழிஞ்சா நீதான் தைக்கணும்."

கிழிந்தது, நான்தான் தைத்தேன். ஆனால் அந்த வாரத்துக்கப்புறம் சுவரைவிட்டு நடுவே வந்து நிற்க இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் ஒன்றரை வருஷம் சுவரையே பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த ஆசனமானாலும் இப்போது நான் முதலில் பார்ப்பது அதிலிருந்து எப்படி இறங்குவது என்றுதான். இறங்கும் வழி தெரியாவிட்டால் அன்றைக்கு ஏறுவதில்லை.

சிரசாசனம் பற்றி இன்னொரு விஷயம். அப்பத்தாவுக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா, மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அங்கே ஒரு டாக்டர் பேச்சுவாக்கில் நான் யோகா செய்வதைக் கேட்டு, "தலைகீழா நிக்கிறீங்களா?" என்றார். நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது, இறங்கினால் பழையபடி வந்துவிடும், நல்ல கண்ணுக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனால் கிளாக்கோமா இருப்பவர்களுக்குக் கூடாது, இந்த நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்று சொல்லி அன்றைக்கே எனக்கும் சோதித்தார். எனக்கு ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் இவர்களுக்கும் இந்த ஆசனம் வேண்டாம் என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். கண்ணைப் பற்றி மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

கைகளை ஊன்றி உடம்பையே தூக்குகிற காகாசனம் கைமணிக்கட்டைச் சாப்பிட்டது. நாள் முழுக்க கீபோர்டில் தட்டுகிற கை, திடீரென்று முழு எடையையும் தாங்கு என்றால் எப்படித் தாங்கும்? உள்ளங்கையின் அடிப்பகுதியில் பாரம் போட்டுக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. விரல்களை அகலமாக விரித்து, நுனிகளால் தரையைப் பற்றி, ஆள்காட்டி விரலின் அடிமேட்டை அழுத்தினால் மணிக்கட்டுக்குள் இருக்கிற இறுக்கம் பாதி குறைந்துவிடுகிறது. குதித்து ஏறுகிற ஆசனமும் அல்ல அது. முழங்காலை அக்குள் பக்கம் உயரமாக வைத்து, பார்வையை முன்னால் போட்டு, மெதுவாகச் சாய்ந்தால் கால் தானாகத் தரையைவிட்டுக் கிளம்பும். முன்னால் ஒரு தலையணை போட்டுக்கொள்ளுங்கள், மூக்குக்கு நல்லது.

மூக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பிஞ்ச மயூராசனம், முழங்கையிலிருந்து விரல்வரை தரையில் ஊன்றி நிற்பது. அதில் எனக்கு முழங்கை வெளிப்பக்கம் விரியும், உள்ளங்கை இரண்டும் உள்பக்கம் நெருங்கும். முழங்கைக்கு மேலே பழைய துண்டை வளையமாகக் கட்டினேன், தோள் அகலத்துக்கு. கைகளுக்கு நடுவில் எட்டு அங்குலக் கல் ஒன்றைப் படுக்கவைத்தேன், கை நெருங்காது, அளவும் கச்சிதம். எவ்வளவு புத்திசாலி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன், மூன்றாம் நாள் நிலைகுலைந்து இறங்கும்போது மூக்குக்கும் கல்லுக்கும் ஒரு விரற்கடைதான் இருந்தது. அன்றிலிருந்து கல்லுக்குப் பதில் பட்டறையின் பழைய கணக்கு நோட்டு.

மல்லாந்து கையையும் காலையும் ஊன்றி வில்லாக எழும்புகிற சக்ராசனத்தில் எனக்கு இடுப்பு நன்றாக வளையும், தோள் வளையாது. அதனால் இருக்கிற வளைவையெல்லாம் அடிமுதுகு ஒன்றே கொடுத்தது, இரண்டு நாளைக்கு ஒருமுறை வலி. வளவின் நடுவில் இறங்குகிற படி ஒன்று அரையடி உயரம் இருக்கும், அதன்மேல் கைகளை வைத்துக் கீழே கால் வைத்துத் தூக்கினேன். கை உயரத்தில் இருந்தால் தோளுக்கு வேலை குறைகிறது, மார்பு திறக்கிறது, அடிமுதுகு தப்பிக்கிறது. ஒரு வருஷம் படியில்தான் செய்தேன். பார்ப்பதற்கு அரைகுறையாகத்தான் இருக்கும்.

சரி, அனுமனாசனத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் ஒன்பது கல் தேவைப்பட்டது. நாலைந்து வாரத்தில் எட்டு, அப்புறம் ஏழு. கணக்கு எழுதுகிறவளின் புத்தி, தேதி போட்டு நோட்டில் குறித்து வைத்தேன். குறிக்க ஆரம்பித்ததும் அது பிடித்துக்கொண்டது. ஒரு கல் குறைந்த நாளில் பட்டறையில் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவேன், குறையாத வாரத்தில் சிடுசிடுப்பு. தினமும் செய்தேன், காலையில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. ஆறு வந்தது, ஐந்து வந்தது. ஐந்து வந்த வாரத்திலேயே இடது பக்கம் உட்காருகிற எலும்பில், பின்தொடை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு குத்தல் இருந்தது. இழுபடுகிறது, நல்லது என்று நினைத்தேன். சூடேறியதும் குத்தல் மறைந்துவிடும், அதனால் மேலும் நம்பிக்கை வந்தது. நாலு கல்லில் உட்கார்ந்து மூன்று படமும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் நடக்கும்போது ஒன்றுமில்லை, நிற்கும்போது ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் மட்டும் எலும்புக்கு அடியில் யாரோ சரளைக்கல்லை வைத்த மாதிரி. பட்டறை நாற்காலியில் பத்து நிமிஷம் தாங்காது. ஸ்கூட்டியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கண்ணில் தண்ணீர் வரும். வலிக்கிறதே, இறுக்கம்போல என்று இன்னும் நீட்டினேன், குனிந்து பாதத்தைப் பிடித்து நீண்ட நேரம் இருந்தேன். இதைவிட முட்டாள்தனமான வைத்தியம் கிடையாது. முதலில் பார்த்த டாக்டர் முதுகு நரம்பு என்றார், மாத்திரை கொடுத்தார், இரண்டு மாதம் போனது. அப்புறம் மதுரையில் ஒரு பிசியோதெரபிஸ்ட், என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி எதிர்த்து அழுத்தச் சொன்னார். சரியாக அந்த இடத்தில் வலி. பின்தொடைத் தசை எலும்போடு சேருகிற தசைநாண் அடிபட்டிருக்கிறது, இது யோகா செய்கிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் அடிக்கடி வருகிற ஒன்று என்றார். நீட்டும்போது அந்த நாண் எலும்பின்மேல் அழுந்துகிறது, அதனால் நீட்ட நீட்ட மோசமாகும்.

"என்ன செய்யணும் சார், ஓய்வா?"

"ஓய்வு எடுத்தா மறுபடி அதே இடத்துல வந்து நிப்பீங்க. உங்களுக்கு வளையுது, பலம் இல்லை. நீட்டுறதை நிறுத்துங்க, பலத்தை ஏத்துங்க."

மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடுப்பைத் தூக்கி முக்கால் நிமிஷம் அசையாமல் பிடிப்பது, ஐந்து தடவை. சில வாரம் கழித்து ஒற்றைக் காலில். அதற்குப் பிறகு முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தூக்குவது. வீட்டில் எடைக்கு எங்கே போக? ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் இரண்டில் மணல் நிரப்பிக்கொண்டேன், மணலுக்குப் பட்டறையில் பஞ்சமில்லை. செய்யும்போது லேசாக வலிக்கலாம், ஆனால் மறுநாள் காலையில் முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால் எடையைக் குறை, இதுதான் அவர் கொடுத்த அளவுகோல். எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும் உட்கார்ந்து குனிகிற எந்த ஆசனமும் இல்லை. நோட்டு மூடியே கிடந்தது.

இந்தச் சமயத்தில்தான் பட்டறையில் கல் போடுகிற அண்ணனைக் கவனித்துப் பார்த்தேன். அறுபது வயசு தாண்டியவர். பாதம் முழுக்கத் தரையில் பதிய, பின்பக்கம் குதிகாலைத் தொட, குத்தவைத்து உட்கார்ந்தார் என்றால் மணிக்கணக்கு. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் சட்டத்தை வைத்து, அச்சைப் பொருத்தி, ஒவ்வொரு பூவிதழுக்கும் கரண்டியால் கலர் சிமெண்ட்டை ஊற்றுவார், அச்சைத் தூக்கும்போது மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. கொஞ்சம் அசைந்தாலும் கலர் ஒன்றோடொன்று கலங்கிவிடும். அப்புறம் மேலே உலர்ந்த கலவை, அதற்கு மேல் ஈரக்கலவை, தேய்த்துவிட்டு எழுந்திருப்பார், கையை ஊன்றாமல். அந்த உட்காரலைத்தான் வகுப்பில் மாலாசனம் என்று குதிகாலுக்கடியில் பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஆறு மாதம் பழகினோம்.

"அண்ணே, இது எப்படிண்ணே?"

"எது ஆச்சி?"

"இப்படி உட்கார்றது."

அவர் என்னையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்குமா ஆச்சி காசு கட்டிப் படிச்சீங்க?"

அவர் ஒருநாளும் நீட்டியதில்லை, இழுத்ததில்லை. அவரிடம் இருக்கிற வளைவு முழுவதும் அவர் பாரம் சுமந்து வேலை செய்கிற வளைவு, அதில் அவரால் எழவும் முடிகிறது. என்னுடையது சும்மா போய்த் தொங்குகிற வளைவு. இந்த வித்தியாசம் புரிந்த பிறகு பயிற்சியையே மாற்றிவிட்டேன். எந்த நிலைக்குக் கையால் இழுத்துப் போகிறேனோ அதில் பாதி தூரமாவது கையை விட்டுவிட்டுத் தசையாலேயே போக முடிகிறதா என்று பார்ப்பேன். முடியவில்லை என்றால் அந்த மிச்சத் தூரம் இன்னும் என்னுடையது ஆகவில்லை.

பத்மாசனத்தையும் இதே கண்ணால் பார்த்தேன். இடுப்பு மூட்டு திரும்பாதவர்கள் பாதத்தைக் கையால் பிடித்துத் தூக்கித் தொடைமேல் போடும்போது திரும்ப வேண்டிய மிச்சத்தை முழங்கால்தான் கொடுக்கும், முழங்கால் அதற்குப் படைக்கப்பட்ட மூட்டு அல்ல. முழங்காலின் உள்பக்கம் சுருக்கென்றால் உடனே எடுத்துவிடுவேன். அரைப் பத்மாசனத்தோடு நிற்கிறேன், வருத்தம் ஒன்றுமில்லை. திருமூலர் பங்கயம், அதாவது பத்மாசனம், என்று தொடங்கி எட்டு ஆதனத்தைச் சொல்கிறார், பதினைந்தாம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோகப் பிரதீபிகையில் விவரித்திருப்பது பதினைந்துதான், அதிலும் பாதிக்கு மேல் உட்காருகிறவை. நாம் போனில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பாதி ஆசனங்கள் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆசை போய்விட்டதா என்றால் போகவில்லை. அவசரம் கொஞ்சம் போனது.

இப்போது கடினமான ஆசனங்கள் வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒருநாள் இடைவெளி விட்டு. மற்ற நாளில் எடை, நடை, எளிதானவை. காலை ஐந்தரைக்குச் செய்தால் உடம்பு மரக்கட்டை, அதனால் பின்வளைவுகளை சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன், சித்திரை வைகாசியில் மட்டும் சாயங்காலம் வளவில் அனல் அடிக்கும், அப்போது மறுபடி காலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டால் அன்றைக்குக் கணக்கே வேண்டாம், நாலு மணி நேரம் கழித்தும் உடம்பு திரும்பாது. போனைத் தூணில் சாய்த்து வைத்துப் பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பேன், படத்தைப் பார்க்கும்போது காலைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்க்கிறேன். பல்லைக் கடித்திருந்தால், மூச்சு நின்றிருந்தால், அன்றைக்கு அங்கே போயிருக்கக் கூடாது. ஆசனம் என்றால் "ஸ்திரம், சுகம்" என்று யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியை வகுப்பில் ஒப்பிப்போம். ஸ்திரம் எனக்குச் சீக்கிரம் வந்தது. சுகம் வருகிறதா என்று பார்க்கத்தான் இப்போது ஐந்து மூச்சு எண்ணுகிறேன், ஐந்தாவது மூச்சு முதல் மூச்சைப் போலவே நீளமாக இல்லை என்றால் இறங்கிவிடுவேன்.

அனுமனாசனத்துக்குத் திரும்ப வந்தது போன ஆவணியில். ஏழு கல்லில் ஆரம்பித்தேன். மெதுவாக நாலுக்கு வந்தது, நாலிலேயே நிற்கிறது, நானும் நிறுத்திவிட்டேன். கல்லைக் கைகளால் தொடாமல் இரண்டு காலாலும் தரையை அழுத்தி அப்படியே மேலே எழ முடிகிறது இப்போது, முன்பு முடியாது. நோட்டில் எதையும் குறிப்பதில்லை.

போன செவ்வாய்க்கிழமை இறங்கிப் பார்த்தால் ஏதோ வித்தியாசம், தொடை ஒட்டவில்லை, இடது பக்கம் லேசாக இழுக்கிறது. ஒரு நிமிஷம் பழைய குத்தல் வந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. எழுந்து துண்டை விலக்கி எண்ணினேன், மூன்றுதான் இருந்தது. அடுப்படிக்குப் போனேன். நல்லெண்ணெய் டின் ஆடாமல் இருக்க அடியில் நாலாவது கல்.

"அப்பத்தா, அது என் கல்லு."

"உனக்கு மூணு போதாதா?"

"போதாது."

டின்னைத் தூக்கிக்கொண்டு, "எடுத்துக்க, எனக்கு வேற ஒண்ணு பட்டறையிலிருந்து கொண்டா. நீலப்பூ போட்டதா பாத்து" என்றார்.